மூணு தடவை திரும்பின கைப்பிடி

ஹானுஸ்,

புயல் ஓஞ்சிடுச்சு. மேட்டுல ஆடுங்களைப் பாத்துட்டு வரேன். சூப்பு மூணு பேருக்கு வச்சிருக்கேன். உன் பங்கை மட்டும் குடி.

நேத்து பூரா அடுப்பு பக்கத்துல காப்பியும் கம்பளிப் பின்னலுமா சுகமாத்தான் இருந்தோம். மத்தியானம் வாசக்கதவுக் கைப்பிடி மூணு தடவை திரும்புச்சு. "காத்துடி, உக்காரு"ன்னு சொல்லிட்ட. காத்து கதவைத் தள்ளும், கைப்பிடியைத் திருப்புமா? இந்த ஊர்ல யாரும் கதவைத் தட்டுறதில்ல, திறந்துட்டு உள்ள வர்றதுதான். போன வருஷம் கடலோட போன நம்ம புள்ள ரோயும் அப்படித்தான் வருவான். நீதான் புயலுக்குப் பயந்து தாழ் போட்டிருந்த.

காலையில வாசப்படியில ரெண்டு பூட்ஸ் தடம், கதவைப் பாத்தபடி. திரும்பிப் போன தடம் இல்ல. துடைச்சிடாதே.

பிரிடா

தாழ்ப்பாளைத் தேடாதே. திருகாணியோட கழட்டி எடுத்துட்டுப் போறேன்.