நான் திறந்த ஃபோல்டர்

செவ்வாய், இரவு.

ஸ்ரீரங்கத்து டீச்சர் இன்று பாலக்கரையில் உள்ள என் கம்ப்யூட்டர் கடைக்கு மறுபடி வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. உதட்டில் தையல்.

"என் அக்காவுக்கு எழுதின மெயிலை எல்லாம் வீட்டுக்காரர் படிச்சுக் காட்டியே அடிச்சாருங்க. லேப்டாப்ல ஒண்ணும் இல்லைன்னீங்களே."

சொன்னேன்தான். கணவன் வேவு பார்க்கிறானோ என்று போன வாரம் அதைக் கொண்டுவந்திருந்தார். யாரிடமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை என்று எனக்கு ஒரு பெருமை. அந்த லேப்டாப்பை அவருக்கு விற்கும்போது நானே வைத்த அட்மின் கணக்கில் நுழைந்து, வேவு மென்பொருள் வழக்கமாகப் பதுங்கும் ஃபோல்டரைத் திறக்க %APPDATA% என்று அடித்தேன். ஃபோல்டர் சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே? யார் நுழைந்திருக்கிறார்களோ அவர்களுடைய ஃபோல்டரைத்தான் அது திறக்கும். நான் பார்த்தது என்னுடையதை.

இன்று அவருடைய கணக்கில் அவரையே பாஸ்வேர்டு போடச் சொன்னேன். இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். பிறகு நான் அதே %APPDATA%-ஐ அடித்ததும் அவருடைய ஃபோல்டர் திறந்தது. வேவு மென்பொருள் உள்ளே இருந்தது, மூன்று மாதமாக. வேரோடு அழித்தேன். அவன் விரல்களை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகச் சுத்தியலால் நசுக்க வேண்டும் போலிருந்தது.

"அன்னைக்கு ஏன் தெரியலைங்க?"

"அதுக்கப்புறம் போட்டிருப்பாருங்க," என்றேன்.

நம்பினார். நன்றி சொல்லிவிட்டு, அவன் இருக்கும் அதே வீட்டுக்கு பஸ் ஏறினார்.

படுத்த பிறகுதான் உறைத்தது. இனி மெயில் எதுவும் அவனுக்கு வராது. அழித்துவிட்டது இந்நேரம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.