காலர் வைத்த பாட்டில்கள்

மார்ச் 3

காலையிலிருந்து பாவாடை தைக்கிறேன். மனுஷிகளுக்கு இல்லை, பழச்சாறு பாட்டில்களுக்கு. கழுத்தில் எலாஸ்டிக், இடுப்பில் பட்டு ரிப்பன், கீழே இரண்டு அடுக்குச் சுருக்கம். பரிசுக்கடைக்காரம்மா இதைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைத்தால், பள்ளி விழாவுக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்றும் அழாது, மூக்கு ஒழுகாது. அந்த அளவில் நல்ல பிள்ளைகள்.

மாலையில் அண்ணன் வருகிறான். குடியை விட வைக்கும் மையத்திலிருந்து நேராக இங்கே. அண்ணி அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் சொன்னது: "வரட்டும். உன் அண்ணன், நான் வேணாம்னு சொல்வேனா? ஆனா ஒரே ஒரு தடவை குடிச்சிட்டு வந்தாலும்..."

முடிக்கவில்லை. முடித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மார்ச் 5

அண்ணன் நடக்கிற சத்தமே இந்த வீட்டில் கேட்பதில்லை. கோட்டும் சூட்டுமாகத் தைத்துப் பெரிய மனுஷர்களையே அதட்டி நிற்க வைத்த தையல்காரன். இப்போது ஃபேன் போடக்கூட "போட்டுக்கவா?" என்கிறான். படுத்த விரிப்பை எழுந்ததும் மடித்து, தான் படுத்ததே தெரியாதபடி மூலையில் வைத்துவிடுகிறான்.

நான் செய்வதும் சரியில்லை. டீ கொடுக்கிற சாக்கில் தேவைக்கு மேல் பக்கத்தில் போய் நிற்கிறேன். மூச்சை இழுக்கிறேன். அவனுக்குத் தெரிகிறது. தெரிந்தும், டீயை வாங்கிக்கொண்டு "நல்லா இருக்கு" என்று சொல்கிறான். குடிக்கும் முன்பே.

மார்ச் 9

ஒரு ஓட்டலில் பெரிய விருந்தாம். மேஜைக்கு மேஜை ஒயின் பாட்டில். ஒவ்வொன்றுக்கும் கறுப்பு வெல்வெட்டில் குட்டிக் கோட்டு வேண்டும், காலரோடு, இரண்டு பித்தளைப் பொத்தானோடு. பரிசுக்கடைக்காரம்மா வீட்டுக்கே வந்து சொன்னார். பாவாடை தைக்கிறவளுக்குக் காலர் எங்கே தெரியும்? அதுவும் ஒயின் பாட்டிலுக்கு. அதுவும் இந்த வீட்டில். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

மூலையிலிருந்து குரல் வந்தது. "காலருக்கு உள்ள கேன்வாஸ் வைக்கணும். இல்லேன்னா நாய்க்காது மாதிரி தொங்கும்."

அந்தம்மா சிரித்துவிட்டார். அண்ணன் வந்த பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நான் ஒப்புக்கொண்டேன்.

சாக்கட்டியை அவன்தான் பிடிக்கிறான். கோடு புழு நெளிந்த மாதிரி போகிறது. அவன் வரைகிறான், அதன் மேல் நான் திருத்தி வரைந்து வெட்டுகிறேன்.

மார்ச் 12

மாதிரிக் கோட்டு ஓட்டல் பாட்டிலுக்குப் பொருந்தவில்லையாம், தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம். அளவுக்கு ஒரு பாட்டில் கேட்டேன். வெறும் பாட்டில் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். விருந்துக்கு வாங்கியது எதையும் அவர்கள் இன்னும் திறக்கவில்லை. அந்தம்மா சீல் உடையாத பாட்டிலைக் கொண்டுவந்து தையல் மிஷின் மேல் வைத்தார். "பத்திரம்மா, திருப்பிக் கொடுக்கணும்." அவர் ஒன்றும் அறியாதவர். நான் சொன்னால்தானே?

அண்ணன் அதைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். டேப்பை எடுத்தான், கழுத்து அளந்தான், தோள் அளந்தான்.

"தோள் ரொம்ப இறக்கம். கவலைப்படற ஆளு மாதிரி நிக்குது பாரு."

இவருக்கு வந்த கோபம்! சமையலறைக்குள் கூப்பிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு: "உனக்குப் புத்தி பிசகிடுச்சா? யார் இருக்கிற வீட்ல எதைக் கொண்டு வந்து வைக்கிற?"

பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி சாமான் டப்பாக்களுக்குப் பின்னால். போட்டுப் பார்க்க வேண்டும்போது எடுப்பேன், முடிந்ததும் வைப்பேன். நான் சாவியை எடுக்கப் போனபோது அண்ணன் தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தண்டனை வாங்கிய பையன் மாதிரி. திரும்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 14

மிஷின் சத்தம் மட்டும்தான். இன்று மட்டும் ஆறு கோட்டு முடிந்தது.

மார்ச் 16

எப்படி எழுதுவது இதை.

தைத்த வரைக்கும் பார்க்க அந்தம்மா வந்தார். பாட்டிலையும் எடுத்துப் போகிறேன் என்றார். பீரோவைத் திறந்தேன். இல்லை. துணியெல்லாம் இழுத்துப் போட்டேன். இல்லவே இல்லை. பூட்டு பூட்டினபடி, சாவி வைத்த இடத்தில்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வருகிறான், பொத்தான் வாங்கப் போனவன்.

"எங்க வச்சே?"

"எதை?"

"நடிக்காதே அண்ணா. ஊது."

ஆமாம், சொன்னேன். அந்தம்மா முன்னால். என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவனை, நடுக்கூடத்தில் நிறுத்தி, வாயை ஊது என்றேன்.

ஊதினான். குனிந்து, என் முகத்துக்கு நேராக. டீ வாசனைதான். அதோடு விட்டேனா?

"அப்போ வித்துட்டியா?"

பொத்தான் பொட்டலத்தை மிஷின் மேல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டான். போய்விட்டான். அந்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டே "அப்புறம் வரேன்மா" என்று கிளம்பினார்.

மார்ச் 17

வரவில்லை. அவனிடம் போனும் இல்லை, அது அண்ணியிடமே இருக்கிறது.

மதுக்கடை இருக்கிற தெருவில் போய் நின்றேன். எதிர்ச் சாரியில், மருந்துக் கடை வாசலில், மருந்து வாங்க வந்தவள் மாதிரி. போகிற வருகிற ஒவ்வொரு முதுகையும் பார்த்தேன். எல்லா முதுகும் அவன் முதுகு மாதிரியே இருந்தது. ஒன்றும் அவனில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது இவர் சொன்னார்: "நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"பாட்டில். பாத்ரூம்ல கொட்டிட்டேன். காலி பாட்டிலை ஆபீஸ் போற வழியில போட்டுட்டேன். பயமா இருந்துச்சு. அவன் நல்லதுக்குன்னு நினைச்சேன்."

"நேத்து நீங்க வந்ததும் அழுதேனே. ஊதச் சொன்னேன்னு சொல்லி அழுதேனே. அப்பவும் வாயைத் திறக்கலியே நீங்க?"

"சொல்லியிருந்தா என்னை எப்படிப் பாத்திருப்பே?"

"இப்ப எப்படிப் பாக்கறேன்?"

சாப்பாடு போடவில்லை நான். அவரும் கேட்கவில்லை.

அவர் மேல் கொதிக்கிறது. கொதிக்கட்டும். ஆனால் ஊது என்று சொன்னது அவர் வாயா?

மார்ச் 18

மையத்துக்குப் போனோம். வேறு எங்கே தேடுவது என்று தெரியவில்லை. இருந்தான். தோட்டத்து பெஞ்சில், முந்தாநாள் போட்டிருந்த அதே சட்டையில், முகம் வீங்கி.

நான் எதுவும் கேட்கும் முன்பே சொன்னான். "குடிச்சேன். அன்னிக்கே. காலையில எழுந்ததும் இங்க வந்துட்டேன்."

பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்தானே, நான் சொன்னதாலதானே என்று என்னவோ உளறினேன்.

"நீ சொன்னதால குடிச்சேன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா அடுத்த தடவைக்கும் ஒரு ஆள் தேடணும்." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா நீ சொன்னது சரியில்லே. அது வேற."

கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த இவர் அப்போதுதான் வந்தார். "மச்சான், அதை நான்தான் கொட்டினேன். சொல்லாம இருந்துட்டேன்."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நல்ல சரக்கா இருந்திருக்குமே" என்றான். இவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"வீட்டுக்கு வா அண்ணா."

"வரலே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 21

பரிசுக்கடைக்காரம்மாவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அண்ணன் அதைத் தொடவே இல்லை என்பதை இரண்டு முறை சொன்னேன். "அன்னிக்கு அவர் முகத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்மா" என்றார். தெரிந்தவர் அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

மிச்சக் கோட்டுகளுக்குக் காலர் எனக்குப் படியவில்லை. கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்டி ஒப்பேற்றினேன். ஓட்டல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 6

அண்ணன் ஒரு சலவைக்கடை மாடியில் அறை எடுத்திருக்கிறான். கீழேயே துணி சரிசெய்து கொடுக்கும் வேலை. மையத்துக் கூட்டத்துக்கும் தவறாமல் போகிறானாம். இதெல்லாம் இவர் சொல்லித்தான் தெரியும். இவர் மட்டும் போய் வருகிறார், என்னைக் கூப்பிடாமல்.

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசலே. ஃபேன் மாட்டிக் கொடுத்தேன்."

ஏப்ரல் 13

நானும் போனேன். டீ வாங்கிக் கொடுத்தான். "வேலை எப்படிப் போகுது?" என்றான், வாடிக்கையாளரிடம் கேட்பது மாதிரி. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27

பிறந்தநாள் விருந்து ஒன்றுக்குச் சோடா பாட்டில்களுக்கு மாலுமிச் சட்டை கேட்டிருக்கிறார்கள். முதுகுப்பக்கம் சதுரமாக மடிகிற காலர். நான்கு தைத்து அண்ணனிடம் எடுத்துப் போனேன். பார்க்கச் சொல்ல ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

ஒன்றை முதுகுப்பக்கம் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"யார் தைச்சது இது?"

"நான்தான்."

"கண்ணை மூடிட்டுத் தைச்சியா? ஒரு மூலை வடக்க போகுது, ஒரு மூலை தெற்க போகுது. பாட்டில் திரும்பிப் பாக்காதுன்னுதானே முதுகை இப்படித் தைச்சிருக்கே?"

"சின்னதுதானே அண்ணா, யார் பார்க்க..."

"பிரி. நாலையும் பிரி."

கத்திய கத்தலில் இஸ்திரி போடுகிறவர் கீழிருந்து எட்டிப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். தவறான இடத்தில் பிரிக்கிறேன் என்று அதற்கும் திட்டு. "இதுகூடத் தெரியாதா, கொண்டா" என்று கையிலிருந்து பிடுங்கினான். சின்ன வயசில் என்னைத் திட்டிய அதே குரல், அதே வேகம். மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே இருந்தான்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, விழுந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சிரிப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவானோ என்று.