ஊசி துள்ளியதற்குப் பூவாயி காரணமில்லை

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி,
9-8-1983

என் கண்ணு வேம்புக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்பளவில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் பிரான்சு மர்செய்யில் சுகமாக இருக்க வீராம்பட்டினத்து அம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் இடமாற்றம் வரும் என்று எழுதியிருந்தாயே, அது என்ன ஆயிற்று. நீ அனுப்பிய போட்டோவில் உன் கால் வீங்கினாற்போல் தெரிகிறது. இதையெல்லாம்தான் விசாரித்து எழுத வேண்டும், ஆனால் பூவாயி உனக்குக் கடிதம் போடப்போவதாகக் கம்பெனியில் சொன்னாளாம், அதை நீ படிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று இதை அவசரமாக எழுதுகிறேன். உன் சிநேகிதியின் வேலையை ஒரே கையெழுத்தில் பறித்துவிட்டேன் கண்ணு.

மேட்டுப்பாளையம் கம்பெனியில் நீ எங்களோடு உட்கார்ந்து ரிக்கார்டு பிளேயர் பூட்டிய காலத்தில் வந்த, ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ் உனக்கு நினைவிருக்கும். ஊசி விறைப்பாக இருக்கும், அதற்குத் தகுந்தாற்போல் அதைத் தாங்குகிற ஆர்மும் கனமாக இருந்தது, அதன் தலைக்குள் ஒரு பித்தளைத் துண்டை வைத்துத் திருகுவோமே. இந்தச் சித்திரையிலிருந்து காந்தக் கார்ட்ரிட்ஜ் வருகிறது, பாட்டு அவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது, ஊசியும் மெத்தென்று இருக்கிறது. ஆர்மை மட்டும் மாற்றவில்லை. மெத்தென்ற ஸ்பிரிங்கில் பாரத்தைத் தொங்கவிட்டால் சும்மா தொட்டாலே ஆடிக்கொண்டிருக்கும் இல்லையா, அப்படித்தான் ஆடியது. ரிக்கார்டு கொஞ்சம் வளைந்திருந்தாலும், பக்கத்தில் யாராவது நடந்தாலும் ஆர்ம் தூக்கித் தூக்கிப் போடும், ஊசி துள்ளி நாலு கோடு தாண்டி விழும். பிளேயர் பெட்டிகளை வாங்கிய பம்பாய்க்காரன் இருநூறையும் திருப்பி அனுப்பிவிட்டான்.

மானேஜர் கிருஷ்ணசாமி என்னைக் கூப்பிட்டு, "செக்கிங் நீதானே, பூட்டினவ சரியா பூட்டல, அதான் துள்ளுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு, ஒரு ஆளோட போயிடும், இல்லன்னா லைனையே மூடிட்டுப் பன்னெண்டு பொம்பளைங்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார். ஊசி மெத்துங்க சார், ஆர்ம் கனமா இருக்குது, அதான் ஆடுது என்று சொல்லிப் பார்த்தேன். "அச்சு போட்டு ஆயிரம் ஆர்ம் வாத்தாச்சு, நீ என்ன இஞ்சினியரா" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அந்தப் பெட்டிகளில் பாதிக்குமேல் பூவாயி பூட்டியது. தெரிந்தே போட்டாயா அம்மா என்று கேட்பாய். பாதி தெரியும் கண்ணு, மீதியைத் தெரிந்துகொள்ளப் பயந்துகொண்டே போட்டேன். மறுநாள் காலையில் அவளை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். யார் எழுதிக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் ஓடி வந்து, "அத்த, நான் சரியாத்தான பூட்டினேன், நீங்கதான பாத்தீங்க, உள்ள போய்ச் சொல்லுங்க அத்த" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் பூட்டிய ஒரு பெட்டியில் சோதனை ரிக்கார்டைப் போட்டேன். அதில் காதுக்குக் கேட்காத நடுக்கங்களைப் பதிந்து வைத்து, வினாடிக்கு எத்தனை என்று ஒரு வெள்ளைக்காரன் இங்கிலீஷில் எண்ணிக்கொண்டே வருவான். பத்து, ஒன்பது, எட்டு வரை சும்மா இருந்த ஆர்ம், ஆறு என்றதும் காய்ச்சல் கண்ட மாதிரி வெடவெடவென்று நடுங்கியது. நானே என் கையால் ஒன்றைப் பூட்டிப் பார்த்தேன், அதுவும் ஆறில்தான் நடுங்கியது. பிறகு பித்தளைத் துண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு மாடலுக்கு வந்து கிடங்கில் குவிந்து கிடந்த லேசான தலைகளில் ஒன்றை மாட்டி, பின்பக்க எடையை நகர்த்தி ஊசியின் பாரத்தைச் சரிசெய்து ஓட்டினேன். இப்போது எட்டில் லேசாக நடுங்கியது, ஆறில் அசையவே இல்லை, நடையும் வளைவும் கொடுக்கும் மெதுவான ஆட்டம் எட்டு வரை வராது. வளைந்த ரிக்கார்டைப் போட்டுப் பக்கத்தில் தொம் தொம்மென்று நடந்தும் பார்த்தேன், துள்ளவில்லை. அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஓடிப்போய் மானேஜரை அழைத்து வந்து காட்டினேன். மறுநாளே எல்லாப் பெட்டியிலும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டார். பூவாயியைக் கூப்பிடுங்க சார் என்றதற்கு, "காயிதம் பம்பாய் போயிட்டுது, இப்ப மாத்திச் சொன்னா கம்பெனி மானம் போயிடும்" என்றார். பத்து நாள் அவர் மேசைக்கு முன்னால் போய்ப் போய் நின்றேன். அவள் புருஷனுக்கும் மில்லில் வேலை இல்லாத நேரம், கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்க அவள் கிளம்பியதை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. நான் கொடுத்தது பொய்க் காகிதம் என்று பம்பாய்க்காரனுக்கு எழுதினேன், பக்கத்து வீட்டு டீச்சர் ஆதிலட்சுமி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். தபாலில் சேர்ப்பதற்கு முன் பூவாயி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "நீங்களா அத்த" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பம்பாயிலிருந்து ஆள் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகு அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பொய்க் கையெழுத்துப் போட்டவள் செக்கிங்கில் இருக்கக்கூடாது என்று போன சனிக்கிழமையோடு என்னை நிறுத்திவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காலையில் உடம்பு தானாக எழுந்து குளித்துப் புடவை கட்டிக்கொள்கிறது, அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறேன். பஸ்ஸுக்குப் போகும்போது பூவாயி என்னைத் தாண்டித்தான் போகிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருக்கிறது கண்ணு.

அவள் கடிதம் வந்தால் அவள் பக்கம் நின்று பதில் எழுது. அம்மாவுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசாதே. பிரசவத்துக்கு வரச் சொல்லியிருந்தாய், அவள் எழுதியதையும் படித்துவிட்டு, அதற்கப்புறமும் உன் பிள்ளையை என் கையில் கொடுக்க மனது வந்தால் கூப்பிடு. கால் வீக்கத்தை டாக்டரிடம் மறைக்காதே, இரும்பு மாத்திரையை விடாதே. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், சுகப்பிரசவம் ஆக வேண்டும்.

உன் அம்மா
அஞ்சலாட்சி