வலி தொடங்கிய தேதி

என் அழுத்தக்காரிக்கு,

இன்ஷூரன்ஸ்காரர்கள் உன் ஃபாரத்தைத் திருப்பிவிட்டார்கள். மூன்று வாரமாக ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தது. "ஒரு ஃபாரம் ஒழுங்கா நிரப்பத் தெரியுதா உங்களுக்கு?" என்று நீ கேட்பாயே, அதற்காகவே அவ்வளவு கவனமாக எழுதினேன்.

வயிற்று வலி எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குப் பத்து நாள் முன்பு என்று எழுதியிருந்தேன். கவுண்ட்டரில் இருந்த பெண் ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டினாள். "எட்டு மாசம்னு இருக்கே சார். டாக்டர்கிட்ட அவங்களே சொல்லியிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எட்டு மாதம் முன்பு நான் கால் ஒடிந்து படுத்திருந்தேன். என் எடை முழுவதையும் தோளில் வாங்கிக் குளியலறைக்கு நடத்திப் போவாய். ஒருநாள் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "என்னடி?" என்றேன். "நீங்க என்ன பஞ்சு மூட்டையா? மூச்சு வாங்குது" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முன்பின் தெரியாத டாக்டரிடம் சொன்னவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் கோபமாக வருகிறது. சண்டை போடத்தான் நீ இல்லை.

தேதியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருக்கிறது: 'நோயாளியுடன் ஒரே வீட்டில் வசித்தவரா?' அதற்கு 'ஆம்' என்று போட்டிருந்தேன். அதைத் திருத்தச் சொல்லி அந்தப் பெண் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்