வெங்காயம் போனது, செட் திரும்பி வந்தது

அன்பு மகன் அஸ்லாமுக்கு, உன் அம்மா ரஷீதா ஸலாம் சொல்லி எழுதச் சொல்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கச்சி ஷஹானாவும் இருக்கிறோம், நலம் என்று எழுத மனசு வரவில்லை. நீ பத்து நாளாகப் போனை எடுக்காததால் நான் சொல்லச் சொல்ல இவளை எழுத வைத்திருக்கிறேன்.

உனக்கென்று வெளிநாட்டுக்குப் பயணம் போன நஜீமுதீன் மாமாவிடம் கொடுத்தனுப்பிய பெட்டி திரும்பி வந்தபோது கயிற்றில் முடிச்சு மாறியிருப்பதை முதலில் பார்த்தவள் இவள்தான். டிரைவர் இறக்கி வைக்கும்போதே உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. உன் அத்தா மௌத்தாகி இரண்டு வருஷமாகத் தூசி படாமல் வைத்திருந்த ஹாம் ரேடியோ செட், பிரித்துப் பார்த்தால் தகடு கிழிந்து, கம்பியெல்லாம் அறுந்து கிடக்கிறது. திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்தவர்கள், "என்னங்க இது, ரேடியோவா வெங்காய மூட்டையா" என்று கேட்டுச் சிரித்தார்களாம். நஜீமுதீன் மாமா பயந்துபோய், இது என்னுடையது இல்லை என்று சொல்லி, வாசலில் நின்ற காரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். வெங்காயத்தை மட்டும் தன் பையில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். உனக்கென்று நான் பொறுக்கி எடுத்த சின்ன வெங்காயம், பெட்டியில் காலி இடத்தை அடைக்கவும் ஆகும் என்று வைத்தேன். தின்னட்டும், உரிக்கும்போது கண்ணாவது எரியட்டும்.

அரியலூரில் அத்தாவின் ரேடியோ கூட்டாளி காசிநாதன் சாரிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம், இனி தேறாது என்றுவிட்டார். நீ எவ்வளவு விவரமாகச் சொல்லியிருந்தாய், ஒன்பது கிலோ டிரான்ஸ்பார்மரைக் கழற்றித் தனியாக சூட்கேஸில் துணி சுற்றி வை, கண்ணாடி வால்வுகளைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் கொடு, பெட்டிக்குள் காலி இடம் விடாதே என்று. இவள் என்ன கட்டினாளோ. "ஒந் தங்கச்சி வேணும்னேதான் ஸ்க்ரூவக் கழட்டி வுட்டிருக்கா, குடுக்க மனசில்லாம" என்று நஜீமுதீன் சொன்னதாக நீ கடைசியாகப் பேசியபோது போனில் கத்தினாய். இவளோ பத்தாவதோடு நின்றவள், பக்கத்து வீட்டில் உப்பு கேட்கக்கூட வாய் எழாது, அந்த செட் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் முகம் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் பேசுவாள். கேட்டால் லைசென்ஸ் இருக்கிறது என்பாள். பெண்பிள்ளைக்கு அது வேண்டாம் என்றுதானே நீ அங்கே அனுப்பச் சொன்னாய். அந்த ஆத்திரத்தில் செய்தாளோ என்னவோ. இதையும் எழுதடி என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. கோபத்தை இவள் மேல் காட்டிக்கொள், என் போனை எடு. அல்லாஹ் உனக்கு உடம்பில் சுகத்தையும் ரிஸ்கில், உன் சம்பாத்தியத்தில், பரக்கத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா ரஷீதா,
லப்பைக்குடிக்காடு.

அண்ணே, இனி எழுதுவது ஷஹானா. அம்மா அஸர் தொழுகிறார். நீங்கள் சொன்னபடியே டிரான்ஸ்பார்மரைக் கழற்றி சூட்கேஸில் வைத்தது நான்தான். செட் போவதில் எனக்குச் சம்மதமில்லை, அது உண்மை. அதற்காக அதை உடைப்பேன் என்று எப்படி நினைத்தீர்கள்? கிளம்பும் அன்று காலை மூன்று வீட்டுக்காரர்கள் அங்கே இருக்கும் தங்கள் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். பயணம் போகிறவரிடம் கொடுத்துவிடச் சொல்வதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, அம்மாவால் முடியவில்லை. சூட்கேஸில் இடம் வேண்டுமென்று டிரான்ஸ்பார்மரை எடுத்து, பெட்டிக்குள் அதன் பழைய இடத்திலேயே ஸ்க்ரூ போடாமல் வைத்து, சுற்றிலும் வெங்காயத்தை நிரப்பினார். நான் கையைப் பிடித்தேன். "அது இத்தன வருசம் இருந்த எடந்தானேடி, இருக்காதா" என்றார். நஜீமுதீன் மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஓர் ஆம்பிளை முன்னால் அதற்கு மேல் நான் பேசவில்லை. ஏர்போர்ட்டில் வெங்காயத்தை அள்ளியதும், பிடிப்பில்லாத அந்த ஒன்பது கிலோவும் வழியெல்லாம் உருண்டு உள்ளே எல்லாவற்றையும் நொறுக்கியிருக்கிறது. காசிநாதன் சார், "இவ்ளோ கனத்த முடுக்காம உள்ள வச்சது யாரு" என்று கேட்டபோது அம்மா என்னைக் காட்டினார். அப்போதும் நான் பேசவில்லை. என் தப்பு இந்த இரண்டும்தான்.

அம்மா தொழுது முடித்து வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் எழுதியதை 'அண்ணே' என்ற முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன்.