பூனைக்கு வளைகாப்பு

14-11-1987, சனி.

நான் சோறு வைக்கும் தெருப்பூனைக்கு வயிறு பெருத்திருக்கிறது. கர்ப்பமா, பூச்சியா, எனக்குத் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும் கஸ்தூரி பார்த்தவுடனே சொல்லிவிட்டாள்.

"முழுகாம கீதும்மா. வளைகாப்பு போட்டுடலாமா?"

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு இந்தத் தெருவில் ஒரு வளைகாப்புக்கும் என்னை அழைத்ததில்லை.

"ஏரிக் கோரையில காட்டுப்பூனை கீது. நேத்து எங்கூட்டு கோழிய தூக்கினு பூட்ச்சி. குட்டிய மட்டும் உடுமா? இத்த உள்ள வுடும்மா."

மிருகத்துக்கு வாசல்வரைதான் இடம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

அவள் போனதும் அவருடைய ஸ்வெட்டரைக் கூடையில் விரித்து, சமையலறைக் கதவைத் திறந்து வைத்தேன். ஆறு மணிச் சோறு அப்படியே இருக்கிறது. இப்போது ஒன்பது. பூனை வரவில்லை. கொசு வருகிறது. வரட்டும், கதவைச் சாத்தப் போவதில்லை.