நாலு மணி அலாரம்

3-1-2005
அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் முப்பத்தொன்று. பத்தாவது படிக்கிற பெண் வாங்குகிற மார்க்கா இது? நாளையிலிருந்து காவேரியை விடிகாலை நாலு மணிக்கே எழுப்பப்போகிறேன். அந்த நேரத்தில் படித்தால்தான் மண்டையில் ஏறும். சேரப்பணஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

11-1-2005
எழுப்பிவிட்டால் புத்தகத்தின் மேலேயே கவிழ்கிறாள். பத்து மணிக்குப் படுக்க வைத்தாலும் ஒரு மணி வரை புரள்கிறாளாம், அவள் அம்மா அம்சவல்லி சொல்கிறாள். திமிர்! நான் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறவில்லையா? என் உடம்பு கேட்கவில்லையா?

20-1-2005
இன்றும் சண்டை.

2-2-2005
சண்டையும் போடுவதில்லை இப்போது. பேச்சே இல்லை. பொங்கலுக்கு எடுத்த சுடிதார் பிரிக்காமல் கிடக்கிறது. என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

7-2-2005
நாலு மணிக்கு எழுந்திருக்கவில்லை என்று காவேரியின் தலையில் தண்ணீர் ஊற்றினேன். ஆமாம், நான்தான் ஊற்றினேன். கத்துவாள் என்று பார்த்தால், நனைந்த தலையோடு மெதுவாகச் சொன்னாள்: "எழுந்துக்கவே வேணாம்னு கீதுப்பா. எப்பவுமே."

அம்சவல்லி என்னைப் பிடித்துத் தள்ளினாள். "நீ கம்பெனிக்குப் போ. பொண்ண நான் டாக்டராண்ட இட்டுகினு போறேன்."

கம்பெனியாவது ஒன்றாவது. நானும் போனேன்.

டாக்டர் காந்திமதி காவேரியிடம் தனியாக ரொம்ப நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். இது மனச்சோர்வு, வியாதி, திமிர் இல்லை என்றார். "இந்த வயசுல மூளை இன்னும் வளர்ந்துகிட்டுதான் இருக்கு. உணர்ச்சி முந்திக்கும். அத அடக்குற முன்மூளை முழுசா வளர இன்னும் பத்து வருஷம் ஆகும். தூக்கத்துக்கான சுரப்பும் நம்மளவிட லேட்டாத்தான் வரும். நாலு மணின்றது அவளுக்கு நடு ராத்திரி."

"நான்தான் காரணமா மேடம்?"

"நீங்க மட்டும் இல்ல. ஆனா மொதல்ல அந்த அலாரத்த நிறுத்துங்க."

ஐயோ, அஞ்சு வாரம். பெத்த பொண்ண தூங்கவுடாம வதைச்சிருக்கேன்.

16-2-2005
டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகுமாம். அதுவரை அவளைத் தனியாக விடக்கூடாது. சூப்பர்வைசரிடம் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்க்கிறேன்.

24-3-2005
பரீட்சை ஆரம்பம். காவேரி போகவில்லை. அம்சவல்லியின் அண்ணன் பாண்டுரங்கன் வந்து, "ஒரு வருசம் போச்சேப்பா" என்றார்.

"வருசந்தானே மச்சான் போச்சு" என்றேன்.

3-4-2005
எட்டரைக்கு எழுந்தாள். தோசையைப் பிட்டு வாயில் வைத்தவுடனே கத்தினாள்: "இன்னாப்பா சட்னி இது? உப்பே இல்ல! நீ ஏன் அரைச்ச? அம்மா வரவரைக்கும் இருக்க முடியாதா உன்னால?"

நின்று முழுக்கக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்றிருந்தது.